சொனைக் கட்டி என்று நினைத்தது

சித்தூர்ப் பக்கத்தில் மாங்காய் சீசனில் முகத்தில் ஒரு கட்டியோ கையில் ஒரு வெந்த தழும்போ இல்லாதவரைப் பார்த்தால், "இன்னா, இந்த வருசம் வேலைக்குப் போவலியா?" என்று கேட்பார்கள். காம்பு ஒடிந்த இடத்தில் பீச்சியடிக்கிற பாலை நாங்கள் சொனை என்போம். பட்ட இடம் அரிக்கும், கருக்கும், சிலருக்குப் பழுத்து உடையும். மண்டியில் காய் பிரிக்கிறவர்கள், லாரியில் ஏற்றுகிறவர்கள், ஃபேக்டரியில் கழுவுகிறவர்கள் என்று யாரையும் அது விடாது. வந்தால் வெல்லமும் சுண்ணாம்பும் குழைத்துப் பத்துப் போடுவோம். உடையும், காயும், சீசனும் முடிந்துவிடும்.

எனக்கு இடது தாடையின் கீழ்விளிம்பில் வந்ததையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன். மூன்று சீசனாக ஒரே இடத்தில் வந்தது. சொனை என்ன குறி பார்த்தா தெறிக்கும்? எதை எடுத்தாலும் ஏன், எதற்கு என்று நோண்டுகிற ஆள் நான். வீட்டுக்கு மிக்ஸி ரிப்பேர் பண்ண வருகிறவர்கூட, "அக்கா, நீ அந்தாண்ட போய் உக்காரு, அப்பதான் எனக்கு வேலை ஓடும்" என்பார். அப்பேர்ப்பட்ட எனக்கு இந்த ஒரு கேள்வி மட்டும் தோன்றவே இல்லை. பேர் ஒன்று வைத்துவிட்டால் அப்புறம் எங்கே யோசிக்கிறோம்?

என் பேர் செல்வி. சித்தூருக்கு வெளியே ஒரு மாம்பழக்கூழ் ஃபேக்டரியில் ருசி பார்ப்பது என் வேலை. சிரிக்காதீர்கள், அதற்குச் சம்பளம் உண்டு. இனிப்பையும் புளிப்பையும் அளக்க லேபில் கருவிகள் இருக்கின்றன. ஆனால் பழத்தோடு காய் கலந்திருக்கிறதா, கூழ் லேசாகப் புளித்துப் பொங்க ஆரம்பித்துவிட்டதா என்பதெல்லாம் நாக்குக்குத்தான் முதலில் தெரியும். சீசன் முழுக்கக் காலையிலிருந்து சாயங்காலம்வரை கரண்டி கரண்டியாக வாயில் போட்டுப் புரட்டித் துப்பிக்கொண்டே இருப்பேன். வீட்டுக்கு வந்தால் யாராவது மாம்பழம் என்றாலே எனக்குக் கோபம் வரும்.

என் வீட்டுக்காரர் முனிரத்தினம் மினி லாரி ஓட்டுகிறார். பங்காருபாளையம் மண்டியிலிருந்து ஃபேக்டரிகளுக்குக் காய் லோடு அடிப்பார். வாயாடி எனக்கு வாய்த்தவர் பேசாமடந்தை. நான் பத்து வார்த்தை சொன்னால் அவர் ஒரு "ம்" போடுவார்.

இந்த வருசம் கட்டி உடைந்தது, ஆனால் மூடவில்லை. கடுகு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை நின்றுவிட்டது. அமுக்கினால் தண்ணியாகச் சீழ் வரும். சித்தூரில் ஒரு தோல் டாக்டரிடம் போனேன். களிம்பும் மாத்திரையும் கொடுத்தார். காய்ந்த மாதிரி காய்ந்து திரும்ப வந்தது. மறுபடியும் போனேன், மறுபடியும் களிம்பு. அதற்கடுத்த தடவை அவர் தாடையை அழுத்திப் பார்த்துவிட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அடியில கெட்டியா இருக்குதே. புகையிலை போடுவீங்களாம்மா?"

"நானா? இன்னா சார் கேக்கறீங்க!"

"கோவிச்சுக்காதீங்க. திருப்பதிக்குப் போங்க. பெரிய ஆஸ்பத்திரியில கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. சும்மா ஒரு சந்தேகத்துக்குத்தான்."

சும்மா ஒரு சந்தேகத்துக்கு யாராவது திருப்பதிக்கு அனுப்புவார்களா? சீட்டை மேஜையிலேயே மறந்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

காரணம் இருக்கிறது. என் வீட்டுக்காரரின் அண்ணன் கோபால், எனக்கு மூத்தார், பங்காருபாளையம் மண்டியில் மூட்டை தூக்கினவர். கன்னத்தில் எப்போதும் புகையிலை அடக்கியிருப்பார். அவருக்கும் தாடையில் ஒரு புண் வந்தது. மண்டியே சொனைக் கட்டி என்றது. அவரும் பத்துப் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கினார். கடைசியில் வேலூரில் காட்டியபோது வாய்ப்புற்று என்றார்கள், முற்றிவிட்டது என்றார்கள். தாடையில் பாதியை எடுத்தும் பிழைக்கவில்லை. கஞ்சியைக்கூடக் குழாயில் ஊற்றிய அந்த நாட்களை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. அதோடு என் வீட்டுக்காரரும் புகையிலையை விட்டுவிட்டார்.

அந்த நோய்தான் எனக்கும் வந்திருக்கிறதா? அன்றைக்கு எனக்குள் புகுந்த கேள்வி இது ஒன்றுதான். சோறு வடிக்கும்போதும் அதுதான், குளிக்கும்போதும் அதுதான்.

விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தில் இருக்கவில்லை. எழுந்து போய்ச் சுண்ணாம்பும் வெல்லமும் எடுத்து வந்து, அவர் கையாலேயே குழைத்தார். இத்தனை வருசத்தில் அவர் அடுப்படிப் பக்கம் வந்ததே இல்லை.

"நீ ஏனோதானோன்னு போடற. நல்லா மொத்தமா போடணும். காத்து பூராம இருந்தா ஆறிப்பூடும்" என்று ஓட்டையின் மேல் கெட்டியாக அப்பி, அதன்மேல் துணியும் ஒட்டிவிட்டார்.

ஆறவில்லை. அடுத்த நாளே காய்ச்சல் வந்தது. தாடைக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்த மாதிரி வீங்கியது. வாயைத் திறந்தால் கரண்டி நுழையவில்லை. மினி லாரியின் முன்சீட்டில் என்னை உட்கார வைத்துத் திருப்பதிக்கு விட்டார். பின்னால் காலி டிரேக்கள் தடதடவென்று ஆடின. சந்திரகிரி தாண்டும்போது பல்லைக் கடித்தபடியே சொன்னேன்: "இன்னாங்க, உங்க அண்ணனுக்கு வந்ததாயிருந்தா எங்கிட்ட மறைக்காதீங்க. நீங்க மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு, நானே கண்டுபுடிக்கிற மாதிரி வெச்சிராதீங்க."

அவர் கியர் மாற்றினார். கொஞ்ச தூரம் போனபின், "அப்டிலாம் ஒண்ணியும் இருக்காது" என்றார். குரல் அவர் குரலாக இல்லை.

ஆஸ்பத்திரி ஹாலில் பாதிப் பேர் மொட்டை. மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்த இடத்தில் கால் பிசகினவர்கள், மயங்கி விழுந்தவர்கள், அவர்களோடு வந்தவர்கள். நெற்றியில் நாமமும் கையில் பிரசாதப் பையுமாக வரிசையில் நின்றார்கள். என் வாயைப் பார்க்க வந்த டாக்டர் நாக்குக்கு அடியில் விரலை விட்டு அழுத்தினார், கழுத்தைத் தொட்டார், "மூச்சு விடக் கஷ்டமா இருக்கா? எச்சில் முழுங்க முடியுதா?" என்று கேட்டார். முடிகிறது என்றேன். உடனே வார்டில் சேர்க்கச் சொல்லிவிட்டார். தாடைக்கடியில் இருக்கிற சீழ் கழுத்துக்குள் இறங்கினால் மூச்சுக்குழாயை நெருக்கிவிடுமாம். அதனால் கையில் ஊசி குத்தி, மருந்தை நேராக ரத்தத்தில் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஓட்டையின் ஓரத்திலிருந்து மிளகளவு சதை எடுத்து ஒரு சின்ன டப்பாவில் போட்டார்கள். அதற்குத்தான் பயாப்ஸி என்று பேர். சதையை மெலிசாகச் சீவிக் கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்து, அந்த நோயா இல்லையா என்று சொல்வார்களாம். முடிவு வர நாளாகும் என்றார்கள். அந்த டப்பா போன திசையையே என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

டாக்டர் போகிறபோக்கில் நர்ஸிடம், "டென்டலுக்கும் காட்டிடுங்க" என்றார். எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "எனக்குப் பல்லே வலிக்கல சார். உசுரு போவுதோன்னு பயந்து வந்தா பல்ல காட்டச் சொல்றீங்களே!" திறக்காத வாயோடு இதைச் சொன்னதில் அவருக்கு என்ன புரிந்ததோ, சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

பல் பிரிவில் டாக்டர் லாவண்யா என்று ஒரு பெண். அனந்தபூர்ப் பக்கம். தெலுங்கிலேயே தமிழ் பேசுவார், எனக்கு அது பழக்கம்தான். வீட்டுக்காரர் என் கைப்பிடியை விட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார். "உள்ள வாங்களேன்" என்றேன். மருந்து வாசம் ஆகாது என்றார்.

"அம்மா, நோரு தெரவண்டி. எவ்ளோ முடியுமோ அவ்ளோ தெறங்க, போதும்."

திறந்த சந்தில் கண்ணாடியின் காம்பை விட்டு ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். டக், டக், டக். ஒன்றைத் தட்டும்போது மட்டும் ஒரு மாதிரி அழுத்தமாக இருந்தது. பிறகு பஞ்சில் ஏதோ மருந்தைப் பீச்சினார். அது பனிக்கட்டி மாதிரி புகைந்தது. அதை ஒவ்வொரு பல்லிலும் வைத்தார். வைத்த பல்லெல்லாம் சுரீரென்றது, அந்த ஒன்றைத் தவிர.

"இதுல தெரியலியா?"

"இல்ல மேடம். அது ரொம்ப நல்ல பல்லு. கூச்சமே இல்ல."

"நல்ல பல்லு இல்லம்மா, செத்த பல்லு" என்றார் சிரிக்காமல். "முன்னாடி எப்பவாவது நொப்பி, வலி இருந்ததா?"

இருந்தது. சில வருசத்துக்கு முன்னால் அந்தக் கடைவாய்ப் பல்லில் சின்னக் குழி விழுந்து, ராத்திரியெல்லாம் உயிரை எடுத்தது. லவங்கத் தைலம் வைத்தேன். ஒருநாள் வலி தானாக நின்றுவிட்டது. கங்கம்மாவுக்குப் பொங்கல்கூட வைத்தேன். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டபோதுதான் விஷயமே விளங்கியது. பல் என்பது முழுக்கல் இல்லையாம். நடுவில் உயிருள்ள சதையும் நரம்பும் ரத்தமும் இருக்கிறதாம். அதற்கு அவர்கள் சொல்கிற பேர் பல்ப். நான் பேந்தப் பேந்த விழித்தேன். நாள் முழுக்க நான் ருசி பார்க்கிற கூழுக்கும் ஃபேக்டரியில் பல்ப் என்றுதானே பேர்! குழி வழியாகக் கிருமி உள்ளே போய் அந்தச் சதையைக் கொன்றுவிட்டது. செத்தது வலிக்காது. ஆனால் அழுகும். அழுகினது வேர் நுனி வழியாகக் கசிந்து எலும்புக்குள் இறங்கும்.

"சரி மேடம், பல்லு வாய்க்குள்ள கீது. ஓட்டை வெளிய கீதே? ரெண்டுக்கும் இன்னா சம்பந்தம்?"

"சொன்னா நம்ப மாட்டீங்க. காட்டறேன்."

இதுதான் நான் இதை எழுத உட்கார்ந்ததற்கே காரணம். ரோஜா நிறத்தில் ஒரு மெல்லிய ரப்பர் நூல் எடுத்தார். பல்லுக்குள் அடைக்கிற சாமான்தானாம் அது. எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியுமாம். சுண்ணாம்பைக் கழுவித் துடைத்து, தாடைத் தோலில் இருந்த அந்தக் கடுகு ஓட்டையில் நூலை மெதுவாக விட்டார். அது போய்க்கொண்டே இருந்தது. வலிக்கும் என்று கண்ணை இறுக்கினேன், வலிக்கவே இல்லை. முகத்துக்கு வெளியே நூல் தொங்க, தலையைச் சுற்றி வருகிற ஒரு எக்ஸ்ரே மெஷினில் என்னை நிற்க வைத்தார்கள்.

படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். என் பல்லெல்லாம் வரிசையாகப் பேய் மாதிரி சிரித்தன. தோலில் ஆரம்பித்த ஒரு வெள்ளைக் கோடு வளைந்து மேலே ஏறி, நேராக அந்தச் செத்த பல்லின் வேர் நுனியில் போய் முட்டி நின்றது. வேரைச் சுற்றி எலும்பில் கருப்பாக ஒரு வட்டம். ஐயோ சாமி! நூலைத் தோலில் விட்டால் பல்லைக் காட்டிக் கொடுக்கிறதே! பயமெல்லாம் மறந்து, "இன்னொருக்கா காட்டுங்க மேடம்" என்று கேட்டேன். அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது, பெரிதாக்கிக் காட்டினார்.

சீழுக்கு எந்தப் பக்கம் எலும்பு மெலிசோ அந்தப் பக்கம் வழி பண்ணிக்கொள்ளுமாம். வரப்பில் எலி வளை இருந்தால் தண்ணீர் அதில்தானே போகும்? முக்கால்வாசிப் பேருக்கு ஈறில் கொப்புளமாக வரும். என் வேர் நீளம், எலும்பு அங்கே மெலிசு. அதனால் தாடைத் தோலில் வந்து திறந்துவிட்டது. தோல் டாக்டர்களே பல தடவை ஏமாந்து போகிற இடமாம் இது.

"சீசன்ல மட்டும் ஏன் மேடம் வருது?"

"நெஜமா சீசன்ல மட்டும்தானா? நல்லா யோசிங்க."

யோசித்தேன். போன தீபாவளிக்கும் வந்தது. அப்போது எண்ணெய்ப் பலகாரத்துச் சூடு என்றோம். தை மாதம் ஒருமுறை வந்தபோது கொசுக்கடி என்றோம். ஆக வருசம் முழுக்க வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கையில் கிடைத்த பேரைச் சூட்டியிருக்கிறோம்!

"இப்ப மட்டும் ஏன் இப்டி வீங்குச்சு?"

அவர் தாடையில் ஒட்டியிருந்த மிச்சச் சுண்ணாம்பைக் காட்டினார். "இத்தனை நாளு சீழு வெளிய போயிட்டு இருந்தது. நீங்க வாசலை மூடிட்டீங்க. அது உள்ள திரும்பிருச்சு."

வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் அதைக் கேட்டுவிட்டார். தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப இது அந்த நோய் இல்லதானே மேடம்?"

"எனக்கு இல்லன்னுதான் தோணுது. ஆனா நான் வாயால சொல்ல மாட்டேன். டெஸ்ட் வரட்டும்." இந்தப் பதிலுக்காக அவரை மனதுக்குள் திட்டினேன். பொய்யாவது சொல்லக்கூடாதா?

வாய்க்குள்ளேயே கீறி மிச்சச் சீழை எடுத்தார்கள். பிறகு வார்டில் காத்திருக்கிற வேலை. பக்கத்துக் கட்டிலில் நகரியிலிருந்து வசந்தா என்று ஒரு பெண், பவர்லூம் ஓட்டுகிறவள். ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தாடை உடைந்து, மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். எனக்கு வாய் திறக்காது, அவளுக்குத் திறக்கவே கூடாது. நாங்கள் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டே ஊர்க்கதை பேசினதைப் பார்த்து நர்ஸ், "ரெண்டு பேரும் சண்டையா?" என்று கேட்டாள்.

"அக்கா, நான் இங்கிருந்து போனதும் மொத வேலை, ஒரு முறுக்கு துன்னப் போறேன்" என்பாள் வசந்தா, ஸ்ட்ராவில் பாலை உறிஞ்சிக்கொண்டே.

"நீ முறுக்கப் பத்தி பேசின, நான் நர்ஸக் கூப்புட்டு இன்னொரு கம்பி போடச் சொல்வேன்."

என் வீட்டுக்காரர் வெளியே ஒரு தங்கும் இடத்தில் படுத்துக்கொண்டு, காலையும் சாயங்காலமும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவருவார். எங்கே அடுப்பு பிடித்தார் என்று இன்றுவரை சொல்லவில்லை. துணியில் வடிகட்டி, கட்டி இல்லாமல், சூடு பார்த்துக் கொடுப்பார். ஃபேக்டரி லேபிலிருந்து போன் வந்தால், "அது பேச முடியாதும்மா, நல்லா கீது" என்று அவரே பதில் சொல்லுவார். ஆஸ்பத்திரிக் கவுன்டரில் கார்டு, சீட்டு, கையெழுத்து என்று அலைந்ததும் அவர்தான். என்னோடு வாழ்ந்த காலமெல்லாம் பேசாததை அந்த நாட்களில் கவுன்டர்களில் பேசித் தீர்த்திருப்பார்.

ஆனால் பல் பிரிவுக்கு மட்டும் உள்ளே வரமாட்டார். வாசலோடு சரி.

வீக்கம் வடிந்து வாய் திறந்ததும் டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். பல்லைப் பிடுங்கிவிடலாம், இல்லையென்றால் வேர்ச் சிகிச்சை செய்து காப்பாற்றலாம். வேர்ச் சிகிச்சை என்றால் பல்லின் தலையில் துளை போட்டு, உள்ளே அழுகினதையெல்லாம் ஊசி மாதிரிச் சின்ன அரத்தால் சுரண்டிக் கழுவி, அந்த ரோஜா நிற ரப்பரால் அடைப்பது. பல் செத்ததுதான், ஆனால் சுத்தமாக நின்று மெல்லும்.

"பிடுங்கினா ருசி போயிடுமா மேடம்? என் பொழப்பே நாக்குதான்."

"ருசி நாக்கிலதான் இருக்கு, போகாது. ஆனா பல்லு இருக்கும்போது எதுக்கு எடுக்கணும்?"

காப்பாற்றச் சொன்னேன். துளை போட்டதும் கிளம்பிய நாற்றம் இருக்கிறதே, அது என் வாயிலிருந்துதான் வருகிறதா என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. இவ்வளவு அழுகலை வாயில் வைத்துக்கொண்டா நான் அடுத்தவர் கூழ் பொங்கிவிட்டது என்று திருப்பி அனுப்பினேன்! அதைச் சொன்னபோது டாக்டரம்மாவும் மாஸ்க்குக்குள் சிரித்தார்.

என் வேலையைப் பற்றி அவருக்கு ஒரே ஆர்வம். எத்தனை தரம் வாயில் வைப்பீர்கள், துப்பியதும் என்ன செய்வீர்கள் என்று துருவினார். ஷிப்ட் முடிந்த உடனே பேஸ்ட் வைத்து அழுத்தித் தேய்ப்பேன் என்று பெருமையாகச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். புளிப்பு பட்டதும் பல்லின் மேல்பூச்சு கொஞ்ச நேரம் இளகியிருக்குமாம். அந்த நேரத்தில் தேய்த்தால் தேய்ந்தே போகுமாம். துப்பியதும் தண்ணீரால் கொப்பளித்தால் போதும், தேய்ப்பதை அரை மணி கழித்து வைத்துக்கொள்ளலாம். அதைவிட முக்கியம், வலித்தாலும் வலிக்காவிட்டாலும் ஒரு பல் டாக்டர் வருசத்துக்கு ஒருமுறையாவது வாயைப் பார்க்க வேண்டும். "வலிச்சப்புறம் வர்றீங்க பாருங்க, அது லேட்டும்மா. வலி நின்னப்புறம் வராம இருக்கீங்களே, அது அதைவிட லேட்டு" என்றார்.

டெஸ்ட் முடிவு ஒரு காலையில் வந்தது. டாக்டரம்மாவே வார்டுக்கு வந்தார். "ஏம் காதம்மா, ஒண்ணும் ஆகாது. அந்த நோய் இல்ல. வெறும் பழைய சீழ்ப் புண்தான்."

நான் அழுதேன். வசந்தா கம்பிக்குள்ளிருந்து கூவினாள். நர்ஸ்கூடச் சிரித்தாள். நான் என் வீட்டுக்காரரைத் தேடினேன். கஞ்சித் தூக்கைக் கையில் பிடித்தபடி கட்டில் ஓரம் நின்றிருந்தார். முகத்தில் சந்தோஷம் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது முழுசாக ஏறவில்லை. "நல்லது" என்றார். தூக்கை வைத்துவிட்டு முகம் கழுவப் போனார். போனவர் வெகுநேரம் வரவில்லை. எனக்குக் கொஞ்சம் கோபம்தான். உயிர் பிழைத்த பெண்டாட்டிக்கு இவ்வளவுதான் மரியாதையா?

வீட்டுக்கு வந்துவிட்டோம். வேர்ச் சிகிச்சையை முடித்துப் பல்லுக்கு மூடி போட மட்டும் திரும்பத் திருப்பதிக்குப் போனோம். தாடை ஓட்டை தானாக மூடி, கன்னக்குழி இடம் மாறி விழுந்தது போல ஒரு சின்னப் பள்ளம்தான் மிச்சம். டாக்டரம்மா அதைத் தடவிப் பார்த்துத் திருப்திப்பட்டார். அப்புறம் வாசலைப் பார்த்து, "அங்கிள், நீங்களும் வாங்க. ஒரு தடவ நோரு பாத்துடறேன்" என்றார்.

"வேணாம்மா. எனக்கு ஒண்ணியும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னு பாக்கறதுக்குத்தான்."

"வண்டி ரோட்லயே நிக்குது. போலீஸ் வந்துரும்" என்று நகர்ந்தார். வண்டியை ஆஸ்பத்திரிக்குள் நிறுத்தியது எனக்குத் தெரியும். எனக்குள் ஏதோ சுரீரென்றது. எழுந்து வெளியே போய் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"இன்னாங்க, எங்கிட்ட சொல்லு. இன்னா ஒளிக்கிற?"

அவர் சுவரைப் பார்த்தார். கன்னத்தை வெளியிலிருந்து விரலால் தொட்டுக் காட்டினார்.

"கன்னத்துக்குள்ள வெள்ளையா ஒண்ணு கீது, செல்வி. போயிலை வெச்ச எடத்துல. வுட்டும் போவல. அண்ணனுக்கு சொன்னதையே எனக்கும் சொல்லிட்டாங்கன்னா?"

"எத்தினி நாளா?"

"அண்ணன் போனதுலருந்து."

ஊறுகாய் கேட்பதை நிறுத்தினது, குழம்பில் காரம் குறை என்றது, நான் கேட்டபோதெல்லாம் கேஸ் டிரபுள் என்று சொன்னது, எல்லாவற்றுக்கும் அப்போதுதான் எனக்கு அர்த்தம் விளங்கியது. என் தாடைக்காக நான் பயந்து நடுங்கின நாளெல்லாம் இந்த மனுஷன் தன் கன்னத்தையும் சேர்த்துச் சுமந்துகொண்டு எனக்குக் கஞ்சி வடிகட்டியிருக்கிறார். கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனேன். அவர் வந்தார்.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். டாக்டரம்மா பஞ்சால் அந்த வெள்ளையைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. அமுக்கிப் பார்த்தார், கழுத்தைத் தடவினார். அவருடைய சிரிப்பு நின்றதை நான் கவனித்தேன். "சதை எடுக்கணும், அங்கிள்" என்றார். மிளகளவு. இன்னொரு டப்பா. இந்தத் தடவை அது போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. எனக்கென்று பயந்ததெல்லாம் ஒரு பயமே இல்லை என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். அந்த நோய் இன்னும் ஆகவில்லை. ஆகிற பாதையில் கிளம்பியிருந்தது. அந்த இடத்தை எடுத்துவிடலாம், புகையிலையைத் திரும்பத் தொடக்கூடாது, சொன்ன தேதிக்கெல்லாம் வந்து வாயைக் காட்ட வேண்டும். "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றார்.

எடுத்துவிட்டார்கள். தையல் ஆறிவிட்டது. சொன்ன தேதிக்கெல்லாம் இப்போது அவரே என்னை எழுப்பிக் கிளப்புகிறார்.

அன்றைக்கு டாக்டரம்மா சொல்லி முடித்ததும் நான் என் வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, ஒண்ணியும் இல்ல, நாந்தான் சொன்னேனே" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பி, சின்னப் பிள்ளை மாதிரி முகம் கோணி அழுதார்.

"எங்கண்ணன யாருமே வாயத் தொறன்னு சொல்லலியே, செல்வி."